தண்டுவடக் காயமும் தீராத அசதியும்: கேள்வி பதில்

தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு இருபது வருஷமாகப் பிசியோதெரபி கொடுக்கிறேன். அசதி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கழுத்தில் அடிபட்டு மூன்று வருஷம். எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை பாரம். பலமாகக் குறட்டை விடுகிறேனாம்.

குறட்டையை முதலில் கவனியுங்கள். கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது மற்றவர்களைவிட அதிகம். அடைபடும்போதெல்லாம் மூளை விழித்துக்கொள்கிறது, உங்களுக்குத்தான் தெரிவதில்லை. அப்புறம், இருட்டியதும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் நரம்புப் பாதை கழுத்துத் தண்டுவடம் வழியாக இறங்கித்தான் திரும்ப மூளைக்கு ஏறுகிறது. அது அங்கே முழுசாக அறுபட்டால் இரவுச் சுரப்பே நின்றுவிடும். தூக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், மூச்சடைப்பு இன்னும் மோசமாகலாம்.

தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் போட்டால் நாள் முழுக்கக் கிறக்கம். நிறுத்திப் பார்க்கட்டுமா?

கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிரமை, கடும் காய்ச்சல் எல்லாம் வரலாம். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே நரம்பு வலிக்குக் கேபாபென்டினோ பிரீகாபலினோ போட்டால் கிறக்கம் இன்னும் கூடும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் அசதி போகுமா?

என் துறை இல்லை. நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

மகனுக்குக் கழுத்தில் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு மட்டம்) காயம். நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறான். அவனுக்கு என்ன அசதி? சோம்பல்தானே?

இல்லை ஐயா. அவர் பேண்ட் மாட்டுவதை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல்கள் பிடிக்காது, அதனால் கட்டைவிரலைப் பட்டையில் கொக்கி மாதிரி மாட்டி, மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தி இழுக்க வேண்டும். இடப்பக்கம் புரண்டு கொஞ்சம், வலப்பக்கம் புரண்டு கொஞ்சம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் வேலை செய்யாததால் மூச்சும் உதரவிதானத்தை நம்பித்தான் ஓடுகிறது.

(இன்னொருவர்) நானும் வீல்சேரில்தான் இருக்கிறேன். அந்த அப்பா சொல்வது சரி, பயிற்சி செய்தால் அசதி பறந்துவிடும்.

உங்களுக்குப் பறந்திருக்கலாம், உங்கள் காயம் இடுப்புக்கு மேலேயா கீழேயா என்று சொல்லவே இல்லையே! பயிற்சி நல்லதுதான், நானே கொடுக்கிறேன். ஆனால் கழுத்தில் முழுக் காயம் (கீழே உணர்ச்சியும் அசைவும் அற்றுப்போகும் அளவு) பட்டவருக்கு இதயத் துடிப்பு எவ்வளவு முயன்றாலும் பொதுவாக 130-க்கு மேல் ஏறாது. உங்கள் கணக்கை அவர் மேல் போடாதீர்கள்.

ஒரு வாரமாகத் திடீர் அசதி, சிறுநீர் கலங்கலாக இருக்கிறது. எரிச்சல் இல்லை.

உணர்ச்சி இல்லாத இடத்தில் எரிச்சல் எப்படித் தெரியும்? சிறுநீரில் கிருமித் தொற்றாக இருக்கலாம், இன்றே பரிசோதியுங்கள்.

பேக்லோஃபெனை நேற்றே நிறுத்திவிட்டேன், பரவாயில்லையா?

மேலே இப்போதுதானே எழுதினேன்! பரவாயில்லை என்று விட முடியாது, இந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லாருக்கும் இதே பதில்தான்.

(சி6 மகனின் அப்பா) காலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். உடுத்தி முடிக்க 45 நிமிஷம் ஆனது.

பார்த்ததற்கு நன்றி ஐயா. சாக்ஸும் ஷூவும் நீங்கள் மாட்டிவிடவா என்று அவரிடமே கேளுங்கள். மிச்சமாகும் தெம்பை எதற்கு வைத்துக்கொள்வது என்று அவரே சொல்லட்டும்.