மழை சொன்ன நாளில் வருவதில்லை, சின்ன விவசாயி என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

வேளாண் துறையில் பல வருஷம் வரப்பு மேலேயே சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவன் நான், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் மானாவாரி நிலம் பார்க்கிறேன். பருவநிலை மாற்றத்தில் சிறு விவசாயம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன். பதில்கள் 5 ஏக்கருக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு. இந்தியாவில் நூறு நிலவுடைமையில் 86 இந்த அளவுக்குள்தான் வரும், தமிழ்நாட்டில் சராசரியே முக்கால் ஹெக்டேர். இவர்களுக்கு ஒரு போகம் போனால் வட்டி, இரண்டு போனால் நகை, அதற்கு மேல் நிலம். அதனால் மகசூல் எத்தனை மூட்டை கூடும் என்பதைவிட, மழை ஏமாற்றினால் கையை விட்டுப் போகிற காசு எவ்வளவு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விளாத்திகுளம் பக்கம், கரிசல், 4 ஏக்கர்: ஐயா, நாங்கள் புரட்டாசியில் மழைக்கு முன்னாடியே சோளம் விதைப்போம். இப்போது ஒரு மழை பெய்து முளைத்து, அப்புறம் மூன்று வாரம் காய்ந்து கருகிவிடுகிறது. மழை வந்த பிறகு விதைக்கலாமா?

வேண்டாம். கரிசலில் நல்ல மழை விழுந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு டிராக்டர் உள்ளே இறங்காது, அதற்குள் விதைக்கிற பட்டமே போய்விடும், முன்னாடி விதைப்பதுதான் சரி. கோளாறு விதைக்கிற ஆழத்தில் இருக்கிறது. மேலாக விழுந்த விதை ஒரு தூறலுக்கே முளைத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருந்து செத்துப்போகும், 5 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிற விதை மண் நன்றாக நனைந்தால்தான் கண் திறக்கும். கையால் வீசிவிட்டு மேலே உழுவதை விட்டுவிட்டு விதைப்புக் கருவியை வாடகைக்கு எடுங்கள். விதையைக் கடினப்படுத்துவதும் பலன் தரும்: சோளத்துக்கு 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வேலை கெட்டுவிடும்.

இன்னொன்று, 4 ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இரண்டில் சோளம், மற்ற இரண்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி உளுந்தோ பாசியோ என்று வையுங்கள், அடியுரத்தைக் குறைத்து மேலுரத்தைப் பயிர் நின்ற பிறகு போடுங்கள். முளைக்காத பயிருக்குப் போட்ட உரம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இதையெல்லாம் செய்தாலும் 2016 மாதிரி ஒரு வருஷம் வந்தால் காப்பாற்றாது, அந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. உங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆக நிலம் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும், சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு, பள்ளமான மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு வடிகால். வடிகால் இல்லாத கரிசலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வறட்சி பழகிப்போனதால் யாருக்கும் அந்த யோசனையே வருவதில்லை.

திருத்துறைப்பூண்டி, கடைமடை (வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற பகுதி): சம்பா நட்டு ஒரு மாதத்தில் முழுகிப் போகிறது. முழுகினாலும் தாங்கும் ரகம் உண்டா சார்?

உண்டு, சி.ஆர்.1009 சப் 1. பழைய பொன்மணி ரகத்துக்கு வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து எடுத்தது, இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் வடிந்த பிறகு மீண்டு தழைக்கும். ஆனால் கடையில் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. பயிர் வளர்கிற பருவத்துக்குத்தான் இந்தத் தாக்குப்பிடிப்பு, பூக்கும் நேரத்திலோ கதிர் முற்றிய பிறகோ முழுகினால் மற்ற நெல்லுக்கு என்ன கதியோ அதேதான். அப்புறம் இது 150 நாளுக்கு மேல் ஓடுகிற நெடுநாள் ரகம். மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து, உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் ஆகஸ்ட்டில் வந்தால் சரி. அது செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போன வருஷத்தில் இதைப் போட்டால் கடைசியில் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இருக்காது, அப்போது மத்திய கால ரகத்துக்கு மாறிவிடுங்கள்.

நாற்றங்காலுக்காகக் காத்திருக்காமல் ஆடி ஆவணி மழை ஈரத்தில் புழுதி விதைப்பு (உழுத வயலிலேயே நேராக விதைப்பது) செய்யுங்கள். மழை கொட்டுகிற ஐப்பசிக்குள் பயிர் உயரமாக வேரூன்றி நிற்கும், நடவுக் கூலியும் மிச்சம். களை வரும், அதற்குக் காசு எடுத்து வையுங்கள். முழுகி வடிந்த உடனே பதறிப்போய் யூரியாவை மட்டும் வீசுகிறவர்கள் அதிகம். முதலில் தண்ணீரை வடியுங்கள், பயிர் புதுத் தளிர் விட்ட பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் ஒரு ராத்திரி கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள்.

பாரம்பரிய ரகம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம்தான் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்தார், விதை கிடைப்பதில் சிரமம் இல்லை. உப்புத் தண்ணீர் ஏறுகிற வயலுக்குக் குழியடிச்சான் நல்ல தேர்வு. ஆனால் வாங்குகிற ஆளைப் பிடித்துவிட்டு விதையுங்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மாப்பிள்ளைச் சம்பாவுக்குத் தனி விலை கிடையாது.

நாகப்பட்டினம்: வருஷா வருஷம் பயிர்க் காப்பீடு கட்டுகிறேன், பக்கத்து ஊருக்கு வருகிறது, எனக்கு வருவதே இல்லை. இது ஏமாற்று வேலைதானே?

கோபம் நியாயம், ஆனால் இதைப் புரிந்துகொண்டால்தான் சண்டை போடவும் முடியும். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலை வைத்து இல்லை, உங்கள் வருவாய்க் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்துச் செய்கிற பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்து. உங்கள் வயலில் மட்டும் மகசூல் விழுந்து, கிராமத்தின் சராசரி நன்றாக இருந்தால் இந்தக் கணக்கில் பைசா வராது. அந்தச் சராசரியை எதோடு ஒப்பிடுகிறார்கள்? கடந்த 7 வருஷத்தில் சிறந்த 5 வருஷத்தின் சராசரி மகசூலை எடுத்து, அதில் குறிப்பிட்ட ஒரு பங்கைத்தான் உத்தரவாத மகசூல் என்று வைக்கிறார்கள். அடுத்தடுத்துக் கெட்ட வருஷம் வந்தால் அந்த அளவுகோலே இறங்கிவிடும். மழை அடிக்கடி கெடுகிற காலத்தில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

அப்படியும் கட்டுங்கள். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், குறுவைக்கு 2 சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன, இதைவிட மலிவாக யாரும் உங்கள் ஆபத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கு) இருக்கிற சர்வே எண், பரப்பு, பயிர் பெயர் மூன்றும் காப்பீட்டு ரசீதோடு பொருந்துகிறதா என்பது, நிறைய நிராகரிப்பு இங்கேதான் நடக்கிறது. அறுத்துக் காயப் போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்தால் அதற்குத் தனி வயல் அளவிலேயே இழப்பீடு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447க்குச் சொல்லியாக வேண்டும். பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, ஊர்க்காரர்கள் நாலு பேர் போய் நில்லுங்கள்.

சிவகங்கை: குத்தகை நிலம், கணவர் திருப்பூரில், விவசாயம் முழுக்க நான்தான் பார்க்கிறேன். எந்தத் திட்டத்துக்குப் போனாலும் நிலம் யார் பேரில் என்கிறார்கள்.

அம்மா, இதற்கு இனிப்பான பதில் இல்லை. வருஷம் 6,000 ரூபாய் தருகிற பி.எம். கிசான் நிலம் பேரில் இருப்பவருக்குத்தான். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம், சாகுபடி செய்கிறவர் நீங்கள் என்று வி.ஏ.ஓ. தருகிற அடங்கல் போதும். குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுவதுதான் தடை, அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டாமல், காப்பீடு வந்தால் குத்தகை பாக்கி நிற்காது என்று அவருக்குப் புரியும் கணக்கில் பேசிப் பாருங்கள். கூடவே நாலு ஆடு வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷம் கூட்டுறவுச் சங்கத்தை விட வேகமாகக் காசு தருவது ஆடுதான்.

ராமநாதபுரம்: பண்ணைக்குட்டை வெட்டச் சொல்கிறார்கள். 3 ஏக்கரில் அதற்கு இடம் விட்டால் கட்டுப்படியாகுமா?

கணக்குப் போடுவோம். 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழம். பக்கச் சரிவைக் கழித்தால் 12 லட்சம் லிட்டர் அளவில் நிற்கும். இடம் 23 சென்ட் போய்விடும். ஒரு ஏக்கரை 5 சென்டிமீட்டர் நனைக்க 2 லட்சம் லிட்டர் வேண்டும், ஆக காகிதத்தில் 6 நனைப்பு, ஆவியும் கசிவும் பாதியைத் தின்றால் 3. கதிர் வருகிற நேரத்தில் ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் பிழைத்துவிடும் என்ற நிலையில் பயிர் நிற்கும் பாருங்கள், அந்த ஒரு வாரத்துக்காகத்தான் குட்டை. அதை வைத்துக்கொண்டு இரண்டாம் போக நெல் போடலாம் என்று கனவு கண்டால் மண்.

மழைநீர் தானாக ஓடிச் சேர்கிற தாழ்ந்த மூலையில் வெட்டினால்தான் நிறையும், ஒரு சென்டிமீட்டர் மழை ஏக்கருக்கு 40,000 லிட்டர், கனமழையில் அதில் கால்வாசி ஓடி வந்தாலும் போதும். சாலையோரம் அதிகாரி பார்க்க வசதியாக மேட்டில் வெட்டின குட்டைகள் இன்றைக்கும் கிரிக்கெட் மைதானமாக இருக்கின்றன. மணற்பாங்கான மண் என்றால் ஷீட் விரிக்காமல் வெட்டவே வேண்டாம். சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியம், குட்டையோடு அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், ஆனால் காய்கறி, மிளகாய் என்று போட்டால்தான் அதற்கு அர்த்தம்.

விருதுநகர்: எல்லோரும் சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார்களே?

குதிரைவாலி மூன்று மாதப் பயிர், செலவு குறைவு, மழை பிசகினாலும் மொத்தமாகக் கைவிடாது. சரி, ஆனால் 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினதால் உங்கள் ஊர்க் களத்து விலை ஏறிவிடவில்லை. தோல் நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லையென்றால் அறுத்த வாரமே வியாபாரி சொன்ன விலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கும். நான்கைந்து மூட்டையை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்த்து விற்க வழி இருந்தால் மாறுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஏக்கரோடு நிறுத்துங்கள்.

தஞ்சாவூர்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வைத்தால் கார்பன் பணம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. கையெழுத்துப் போடலாமா?

முறை நல்லது. துளை போட்ட ஒரு அடிக் குழாயைப் பாதி புதைத்து வைத்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கின பிறகு மறுபடி பாய்ச்சுவது, பூக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் நிற்கவிடுவது. தண்ணீரும் மிச்சமாகும், வயலில் கிளம்பி பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயுவும் வெகுவாகக் குறையும், அந்தக் குறைவுக்குத்தான் கார்பன் பணம். ஆனால் போர்வெல் வைத்திருப்பவருக்குத்தான் இது கைக்குள் இருக்கும், முறைப் பாசனத்தில் வாய்க்கால் தண்ணீர் வருகிற நாளை நீங்களா முடிவு செய்கிறீர்கள்? மழைக்கால சம்பாவில் வயலைக் காயப்போட வானமும் விடாது. பணத்தைப் பொறுத்தவரை, எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவில் விட்டால் என்ன, ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாமல், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர்: போனில் வருகிற மழை அறிவிப்பை நம்பி மருந்து அடிக்கலாமா?

மேகதூத் செயலியில் உங்கள் மாவட்டத்துக்கு வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், அடுத்த 5 நாள் வானிலையும் பயிர் ஆலோசனையும் தமிழில் வரும். மாவட்ட அளவு என்பதால் உங்கள் காட்டில் பெய்யுமா என்று சொல்லாது, அதனால் அதை வைத்து விதைக்கிற நாளைக் குறிக்காதீர்கள். செலவைத் தள்ளிப்போடப் பயன்படுத்துங்கள்: மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்து, மேலுரம், அறுவடை வண்டி, இந்த மூன்றையும் மழை அறிவிப்பு இருந்தால் இரண்டு நாள் நிறுத்திவைத்தால் நஷ்டம் பெரிதாக வராது, மருந்து கரைந்து ஓடினால் முழுக் காசும் போகும். படைப்புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மட்டும் இரண்டு நாளுக்கு மேல் பொறுக்காதீர்கள்.