தராசை ஏற்றிக்கொண்டு போனவர்கள் யார்?

கேள்வி: யாழ் நகர வீதியோரத்தில் உரப்பையை விரித்து முருங்கைக்காயும் கீரையும் விற்றே அம்மா என்னைப் படிப்பித்தார். சென்ற மாதம் சிலர் வந்து, பாதையை மறிப்பதாகச் சொல்லித் தராசையும் கடகத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எனக்கு உத்தியோகம் இருக்கிறது. வியாபாரத்தை விடச் சொன்னால் அம்மா அழுகிறார். நான் என்ன செய்வது?
– ஒரு மகள், கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரி, வந்தவர்கள் எந்த அலுவலகத்தினர் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். வெயிலையும் மழையையும் ஒரு படங்கைக் கட்டிச் சமாளித்துவிடலாம். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாதிருப்பதுதான் இந்தத் தொழிலில் ஆளை நொறுக்குகிறது. இந்தியாவில் 2014 இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், பறித்த பொருட்களுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்றும், கட்டணம் செலுத்தினால் அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்தச் சட்டம் இலங்கையில் செல்லாது. இங்கே உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்த விதியின் கீழ் தராசு எடுக்கப்பட்டது, அது இப்போது எங்கே இருக்கிறது, தற்காலிக வியாபாரத்துக்கு எந்த இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்ற மூன்றையும் எழுதி, உள்ளூராட்சி மன்றத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வாங்கி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.

வாடகையும் வரியும் கட்டுகிற கடைக்காரரின் முறைப்பாட்டிலும், நடக்க இடமில்லாத முதியவரின் முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே மாற்றிடம் தந்தால் ஏற்கலாம். ஆனால் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு பிடி கீரை வாங்குகிறவர், அதற்காகச் சந்தையின் உள் மூலைக்கு வருவாரா என்பதை, இடத்தை ஒப்புக்கொள்ளுமுன் அம்மாவிடமே கேட்டறியுங்கள்.

அந்த அழுகைக்குக் காரணம் தொழில்மீதுள்ள பற்று மட்டுமாக இல்லாமலும் இருக்கலாம். நாளாந்தம் வந்து தண்டுகிற கடன் ஏதும் அவருக்கு இருக்கிறதா? இருந்தால், வியாபாரம் நின்ற அன்றும் கடன்காரர் படலையில் வந்து நிற்பார். அதை மகளிடம் சொல்ல எந்தத் தாய்க்கும் கூச்சமாகத்தான் இருக்கும். தொழிலை விடும் பேச்சை ஒத்திவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கீரைக்கட்டுக் கட்டிக்கொண்டே மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

புதுத் தராசு வாங்க நேர்ந்தால், அரச முத்திரை பதித்ததாகப் பார்த்து வாங்குங்கள். முத்திரையில்லாத தராசு இன்னொரு முறை பறிபோவதற்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.