மழையில் கறுத்துப்போன பால்கனி துணித் திரையைக் கழுவி எடுக்க முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

பால்கனிக்கு வெளியே மாட்டிய துணித் திரையில் மழைக்குப் பிறகு கறுப்புப் புள்ளி விழுந்து வாடை அடிக்கிறது, கழுவினால் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி போகும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இங்கே வந்திருக்கும் பதில்களில் பாதி "இரண்டு வருஷம் வந்ததே பெரிசு, மாற்றிவிடுங்கள்" என்கின்றன. திருவான்மியூரில் கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் பால்கனியில் 2017-இல் மாட்டிய திரை இன்னும் தொங்குகிறது. கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கும் இற்றுப்போகவில்லை.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. சாரல் அடித்திருக்கும், திரையைச் சுருட்டிக் கட்டியிருப்பீர்கள், அப்புறம் மழை விடாமல் பெய்ததால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை, முக்கால்வாசி வீடுகளில் நடப்பது இதுதான்.

என் அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் படுதா தைத்தவர். அன்றைக்கு பிளாஸ்டிக் தார்ப்பாய் இவ்வளவு பரவவில்லை. கெட்டியான பருத்தி கான்வாஸ், மேலே மெழுகு உருக்கிப் பூசியிருக்கும். நனைந்துவிட்டால் ஓர் ஆளால் தூக்க முடியாது. பழுது பார்க்கக் கொண்டுவந்து போட்டால் அப்பா உடனே விரித்துப் பார்க்க மாட்டார். மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவுவார். அப்புறம் அந்த மடிப்பையே இழுத்து மோந்து பார்ப்பார்.

"ஏனுங்க, ஈரத்தோட மடிச்சுப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது?"

டிரைவர் மழையைச் சொல்வார். வழியெல்லாம் மழைங்க, நான் என்னங்க பண்றது என்பார். அப்பா விட மாட்டார். "மழை என்னங்க பண்ணுச்சு? மேல பெஞ்சுது, போயிருச்சு. மடிச்சது நீங்கதானுங்க."

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி அந்த ஒரு பேச்சுக்குள் அடக்கம். பருத்தியாக இருந்தால் பூஞ்சை நூலையே தின்னும், துணி இற்றுவிடும். இன்று பால்கனிக்கு விற்கும் துணி பெரும்பாலும் பிவிசி பூசிய பாலியஸ்டர் வலைத்துணி, இல்லாவிட்டால் அக்ரிலிக். இவற்றின் நூலில் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றுமில்லை. அது உயிர் வாழ்வது மேலே படிந்திருக்கும் தூசி, சமையல் எண்ணெய்ப் புகை, புறா எச்சம் இவற்றில்தான். அதனால்தான் கழுவினால் போகும் என்று துணிந்து சொல்கிறேன்.

என்ன துணி என்று தெரியாவிட்டால் மடித்துத் தைத்த ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தரையில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தாள் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணி மாதிரி இறுகினால் செயற்கை நூல். அப்புறம் வெட்டு விளிம்பைப் பாருங்கள். பீட்ரூட்டை எங்கே நறுக்கினாலும் சிவப்பாக இருப்பதுபோல நூலின் உள்வரை அதே நிறம் என்றால், நூலாக இழுப்பதற்கு முன்பே சாயத்தைக் கலந்த அக்ரிலிக்காக இருக்க நிறைய வாய்ப்புண்டு. கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்று ப்ளீச் விஷயத்தில் தெரியும்.

கழுவுவதற்குத் திரையைக் கழற்ற வேண்டாம். முழுதாக இறக்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தூசி தட்டுங்கள். இதை விட்டுவிட்டு நேரே தண்ணீரை ஊற்றினால் தூசி சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப் கொஞ்சம் போதும். துணி துவைக்கும் தூளில் காரம் அதிகம், அலசினாலும் முழுதாகப் போகாது. தங்கிப்போன சோப்பு அடுத்த அழுக்கை இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் ஒட்டாத பூச்சையும் கெடுக்கும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள், கம்பி நார் பக்கமே போகாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் அலசி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு அப்படியே காய்ந்து கோடு விழும். கார் கழுவும் பிரஷர் வாஷரை அடித்துச் சுத்தமாகிவிட்டது என்று படம் போடுகிறவர்கள், அடுத்த மழையில் தண்ணீர் உருண்டு ஓடுகிறதா, துணி குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கழுவிக் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும், பூஞ்சை திரும்பி வந்துவிட்டதென்று பயந்துவிடுவார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாமல் நேராகப் பெய்கிற மழை கிடைத்தால் திரையை இறக்கி விட்டுவிடுங்கள், அதைவிட நல்ல அலசல் கிடையாது. அப்புறம் நன்றாகக் காயும்வரை சுருட்டாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடிக் குழாய் நுழைந்திருக்கும் மடிப்பில் மட்டும் ஈரம் நிற்கும். அங்கே விரலை விட்டுப் பாருங்கள்.

சோப்புக்கு அசையாத கறுப்புப் புள்ளிக்கு ப்ளீச். சாயம் உள்ளேயே கலந்த அக்ரிலிக் என்றால் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப், அதாவது சுமார் 240 மில்லி திரவ ப்ளீச், கால் கப் திரவ சோப் கலந்து தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசலாம். அந்தத் துணியை விற்கும் நிறுவனங்களே சொல்கிற அளவு இது. மற்ற துணிக்கு இதைச் செய்தால் சாயம் போய்விடும். பிவிசி வலைத்துணிக்கு நான் பயன்படுத்துவது நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர். தொட்டித் தண்ணீரில் போடும் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிக்காதீர்கள், சுண்ணாம்புப் படலம் தங்கிவிடும். ப்ளீச் அலுமினியக் குழாயையும் அரிக்கும், அதையும் சேர்த்து அலசுங்கள். முக்கியமாக, ப்ளீச்சையும் வினிகரையும் கலக்கவே கூடாது. பாத்ரூம் ஆசிட்டும் அப்படித்தான். குளோரின் வாயு கிளம்பும். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை, இதற்குப் படிப்பு தேவையும் இல்லை.

புறா எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியை ஒட்டி வைத்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

புறா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அசோசியேஷனில் எல்லா வீட்டுத் திரையும் ஒரே சந்தன நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சந்தன நிறத்தில் ஒரு துளி எச்சம் விழுந்தாலும் எதிர் பிளாக்கிலிருந்து தெரியும். என் திரை கரும்பச்சை. அது கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறதாம். அதே கூட்டத்தில் புறா வலை கேட்டேன், நிதி இல்லை என்றார்கள். வாசலில் நிர்வாகிகள் பெயரை கிரானைட்டில் பொறிக்க மட்டும் நிதி வந்தது. மேல் வீட்டுச் செம்பருத்தித் தொட்டியிலிருந்து செம்மண் தண்ணீர் என் திரைமேல் வழிவதைக் கேட்க ஆளில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினால் கும்பிடு போடும் கை பொம்மை ஒன்று வரும், அவ்வளவுதான். சரி, அதை விடுங்கள்.

முழுச் சுத்தம் வருஷத்தில் இரண்டு தடவை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒன்று, போகிப் புகை படிந்த பிறகு ஜனவரியில் ஒன்று. கடலோரம் என்றால் இடையிடையே நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். பக்கவாட்டுச் சட்டத்தில் திரை இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசினாகிவிடும். சிலிகான் ஸ்பிரே போதும்.

"புயல் வந்தால் ஈரத்தோடு சுருட்டாமல் என்ன செய்வது" என்று யாராவது கேட்பீர்கள். புயலில் சுருட்டித்தான் ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இறக்கிவிட்ட திரைகள் குழாயோடு பிய்ந்து தெருவில் கிடந்ததைப் பார்த்தேன். ஈரமோ காய்ந்ததோ, சுருட்டி இறுக்கிக் கட்டுங்கள். காற்று அடங்கியதும் முதல் வேலையாக இறக்கிக் காயவிடுங்கள்.

கடைசியாகத் தையல். நல்ல துணியில் துணிக்கு முன்னால் நூல்தான் போகும், வெயில் அதைத் தின்றுவிடும். தையல் பிரிந்ததும் திரை போச்சு என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத் திரை மாட்டித் தந்தவரிடம் தைத்துத் தரக் கேட்டேன். "புதுசு வாங்கிக்கங்க சார்" என்றார். ஒரு முழத் தையலுக்கு! நானே உட்கார்ந்து தைத்தேன். அப்பாவின் கோணி ஊசி இதற்கு ஆகாது, ஓட்டை பெரிதாகும். ரெக்சின் தைக்கும் ஊசியும் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலும் வாங்கி, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு இழுங்கள். புது ஓட்டை போட்டால் அந்த வழியாகவே கிழியும். நூல் பாரிமுனைப் பக்கம் தார்ப்பாய்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் என்ன துணி என்று பிடிபடாவிட்டால் வெட்டு விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.