கடைக்காரர் சொன்னது 256, திரை காட்டுவது 238

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கொடிகாமத்தில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்பி லப்டொப் ஒன்று வாங்கச் சொன்னார். யாழ்ப்பாணம் டவுனில் வாங்கினேன். பில்லில் ‘ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி’ என்று இருக்கிறது. திரையிலோ 238 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? வைஃபை கோடு முழுதாக இருக்கும்போதே சில நேரம் ஒரு பக்கமும் திறப்பதில்லை, வட்ஸ்அப் மட்டும் ஓடுகிறது. மகன் ‘கூகுளில் தேடாதேங்கோ அம்மா, பிரவுசரில் அட்ரசை அடியுங்கோ’ என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? டவுன்லோட் செய்தது எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. பென்டிரைவில் உள்ள என் பழைய வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்வீர்களா?

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை, ரீச்சர். 256-உம் 238-உம் ஒரே அளவுதான். ஒரு ஜிபி என்றால் எவ்வளவு என்பதில்தான் இரண்டு தரப்புக்கும் பிணக்கு. டிஸ்க் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம், உங்கள் எஸ்எஸ்டி அதில் ஒரு வகை) செய்யும் கம்பனிகள் 100 கோடி பைட்டை 1 ஜிபி என்கின்றன. விண்டோஸ் 1024-ஐ மூன்று தடவை பெருக்கி, 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை 1 ஜிபி என்கிறது. 25,600 கோடியை இந்த எண்ணால் பிரித்துப் பாருங்கள், 238.4 வரும். 512 வாங்கியவருக்கு 476 காட்டும், 1 டிபி வாங்கியவருக்கு 931. விண்டோஸ் தன்னைத் திருத்திக்கொள்ளும் தேவைக்கு ஒரு துண்டை ஒதுக்கி மறைத்து வைப்பதால் ஒன்றிரண்டு ஜிபி இன்னும் குறையவும் கூடும். சி டிரைவ் 120 என்று காட்டினால்கூட உடனே பதற வேண்டாம். பக்கத்தில் டி டிரைவ் என்று பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் கூட்டியும் 230-ஐத் தொடவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

நான் என்றால் 238-ஐ விட்டுவிட்டு அந்த ‘ஐ5’-ஐத்தான் துருவிப் பார்ப்பேன். ஐ5 என்பது லப்டொப்பின் மூளையான பிராசசருக்கு இன்டெல் கம்பனி வைத்த குடும்பப் பெயர் மாதிரி. பத்து வருடத்துக்கு முந்தியதும் ஐ5தான், அண்மைக் காலத்தில் வந்ததும் ஐ5தான். செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் கடைசியாக எபௌட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ஐ5-க்குப் பின்னால் ஓர் எண் நிற்கும். 6200 என்று நின்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசொப்ட் முறைப்படி ஏற்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் (ஏழாவதில் ஓரிரண்டு விலக்கு உண்டு). விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஆறாம் தலைமுறைப் பழைய மெஷினை ‘ஐ5’ என்ற பெயரில் புதுசு விலைக்குத் தந்திருந்தால் அதுதான் ஏமாற்று.

அதே பக்கத்தில் ராம் 8 ஜிபி என்றும், அடைப்புக்குள் பாவிக்கக்கூடியது 7.7 என்பதுபோலவும் இருக்கும். திரையில் படம் காட்டும் வேலைக்குக் கொஞ்சம் எடுத்துவிடுவதால் வரும் குறைவு அது. ராமும் எஸ்எஸ்டியும் இரண்டுமே ஜிபியில் அளக்கப்படுவதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் தொழிலிலேயே சொல்வதானால் ராம் கரும்பலகை, எஸ்எஸ்டி கொப்பி. பாடம் நடப்பது பலகையில். மணி அடித்ததும் அடுத்த ரீச்சர் வந்து அழித்துவிடுவார், கொப்பியில் எழுதியது மட்டுமே மிஞ்சும். கரண்ட் போய்ப் பற்றரியும் இறங்கிவிடுவதுதான் அந்த மணி அடிப்பது. வேர்டில் அடித்துக்கொண்டிருப்பது சேவ் பண்ணும்வரை பலகையில்தான் இருக்கிறது. கொன்ட்ரோல் விசையை அமத்திக்கொண்டு எஸ்-ஐத் தட்டினால் கொப்பிக்குப் போய்விடும். மின்வெட்டுக் காலத்தில் பந்திக்கு ஒருதரம் தட்டுங்கள். பலகை நிரம்பிவிட்டால் ஒரு மூலையை அழித்துக் கொப்பியில் எழுதி, பிறகு திருப்பி எடுத்து எழுத வேண்டியிருக்கும். பிரவுசரில் இருபது பக்கத்தைத் திறந்து வைத்தால் லப்டொப் திணறுவது அதனால்தான். டிஸ்கில் இருக்கும் படங்களை அழித்து அதைக் கெதியாக்க முடியாது, டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருந்தால் ஒழிய.

இனி வைஃபை. இதுவும் இரண்டை ஒன்றாக்கிய கதைதான். வைஃபை என்பது லப்டொப்புக்கும் உங்கள் வீட்டு ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ரேடியோத் தொடர்பு, அவ்வளவே. ரவுட்டரிலிருந்து வெளியே போவதுதான் இணையம். கூரைமேல் தொட்டியிலிருந்து குசினிக்கு வரும் குழாய் நல்லாக இருக்கலாம், தொட்டிக்குள் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன வரும்? அந்தக் கோடுகள் குழாயைப் பற்றி மட்டுமே சொல்லும், தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வட்ஸ்அப் ஓடி மற்றது ஓடாமல் இருப்பது நல்ல தடயம். இங்கே விற்கும் டேட்டா பக்கேஜ்களில் சில, சமூக ஊடகத்துக்கு மட்டும் தனியாக டேட்டா தருபவை. பொதுவான டேட்டா முடிந்தாலும் அந்தப் பங்கு மிச்சமிருக்கும்வரை வட்ஸ்அப் ஓடும், பிரவுசர் திறக்காது. பகலுக்கு ஒன்று, நடுச்சாமத்துக்குப் பின் ஒன்று என்று பிரித்த பக்கேஜ்களும் உண்டு. ‘40 ஜிபி’ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பகல் பங்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் ரீலோட் போட வேண்டும். அளவு முடிந்ததும் அடியோடு நிறுத்தாமல், வேகத்தை மட்டும் இழுத்துப் பிடிக்கும் பக்கேஜ்கள் வேறு. அப்போது எழுத்துச் செய்தி போகும், படம் உள்ள பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆகவே கம்பனியின் செயலியில் மிச்ச டேட்டாவைப் பார்ப்பதே முதல் வேலை.

டேட்டா இருக்கிறது என்றால் போனையும் அதே வைஃபையில் போட்டு ஒரு பக்கத்தைத் திறவுங்கள். போனிலும் திறக்காவிட்டால் பிழை ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோதான். ரவுட்டரின் வயரைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்டி, மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பைபர் இணைப்பானால் ‘லொஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறதா என்று கவனியுங்கள். மின்னினால் கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம், எத்தனை தரம் நிப்பாட்டிப் போட்டாலும் வராது, கம்பனிக்குத்தான் அறிவிக்க வேண்டும். போனில் திறந்து லப்டொப்பில் மட்டும் திறக்காவிட்டால், கீழ் மூலையில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். கனகாலம் பற்றரி இறங்கிக் கிடந்த மெஷின்களில் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடுவதுண்டு. இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் காலாவதித் திகதி இருப்பதால், திகதி பிழைத்தால் பிரவுசர் எல்லாப் பக்கத்தையும் ஆபத்து என்று சொல்லி மறித்துவிடும்.

கோடு குறைவாக வருவது வேறு பிரச்சினை. பழைய கல்வீடுகளின் மொத்தச் சுவர் வைஃபைக்கு எதிரி. ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டினால், ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். 2.4 மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிக் கூடுதல் தூரம் போகும். ஐந்து வேகமானது, அதே அறைக்குள் நல்லது. சில ரவுட்டர்கள் இந்த இரண்டாவதின் பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று ஒட்டிவிடும். கைபேசிக் கம்பனிகள் சொல்லும் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கம்பனி ‘20 எம்பிபிஎஸ்’ (நொடிக்கு 20 மெகாபிட்) என்று சொல்வது பிட்டில், கோப்பின் அளவு சொல்லப்படுவது பைட்டில். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 20-ஐ எட்டால் பிரித்தால் நொடிக்கு 2.5 எம்பி. 1 ஜிபி வீடியோ இறங்க 400 நொடி, ஏழு நிமிடம் என்று வையுங்கள். மகனோடு வீடியோவில் கதைக்கும்போது வரும் பக்கம் ஒரு எம்பிபிஎஸ், போகும் பக்கம் ஒரு எம்பிபிஎஸ் ஓடினால், ஒரு மணித்தியாலத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 450 எம்பி, கூட்டினால் 900 எம்பி. அவர் முகத்தைப் பார்க்கும் செலவும் உங்கள் முகத்தைக் காட்டும் செலவும் உங்கள் கணக்கில்தான்.

மகன் சொன்னது சரி. பிரவுசர் என்பது பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்: குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ். கூகுள் என்பது அந்தப் பிரவுசருக்குள் திறக்கும் ஓர் இணையத்தளம், தேடித் தரும் வேலை அதற்கு. குரோமைச் செய்ததும் கூகுள்தான், திறந்ததும் நடுவில் தெரிவதும் கூகுளின் பெட்டிதான், குழம்பியதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. முகவரி தெரிந்த இடத்துக்குத் தேடாமல் போகச் சொல்வதற்குக் காரணம், தேடலில் மேலே வரும் முதல் ஓரிரண்டு வரி காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். வங்கியின் பெயரில் போலிப் பக்கம் செய்தவனும் விளம்பரம் போடலாம். கொன்ட்ரோலும் எல்லும் சேர்த்து அமத்தினால் மேலே உள்ள முகவரிப் பட்டை தெரிவாகும், அங்கே அடியுங்கள்.

முகவரியை வாசிக்கும் முறை தெரிந்தால் பாதிக் களவைப் பிடித்துவிடலாம். பெயர் முடிந்து முதல் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். ‘உங்கள்வங்கி.எல்கே.பரிசு.காம்/உள்நுழை’ என்று ஒரு முகவரி வருகிறது என்று வையுங்கள். முன்னால் வங்கியின் பெயர் நிற்பதில் பயனில்லை. சாய்கோட்டுக்கு முந்திய கடைசி இரண்டு துண்டு ‘பரிசு.காம்’, அவன்தான் வீட்டுக்காரன். இலங்கைக்கு உரிய முடிவு எல்கே, 2010-இலிருந்து தமிழிலேயே ‘.இலங்கை’ என்றும் உண்டு. பூட்டுக் குறியை மட்டும் நம்ப வேண்டாம். நடுவழியில் ஒருவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே பூட்டின் பொருள், மறுமுனையில் இருப்பவன் நல்லவனா என்பதை அது சொல்லாது. போனுக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும், வங்கியிலிருந்து கதைக்கிறேன் என்றாலும், சொல்லாதீர்கள்.

டவுன்லோட் ஆனதைக் காண பிரவுசரில் கொன்ட்ரோலும் ஜேயும் தட்டுங்கள், பட்டியல் வரும். கோப்பு கிடப்பது ‘டவுன்லோட்ஸ்’ என்ற போல்டரில். காணவில்லை என்று திரும்பத் திரும்ப இறக்கியிருந்தால் அதே பெயர் அடைப்புக்குறியில் 1, 2, 3 என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் டேட்டா செலவாகியிருக்கும்.

வினாத்தாள்களுக்கு வருவோம். அவை பழுதாகவில்லை. ஈழத்தில் பல வருடமாகப் பாவித்த பாமினி எழுத்துருவில் அடித்தவையாகத்தான் இருக்கும். பாமினி செய்வது ஒருவகை வேஷம்: ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. நீங்கள் ‘தமிழ்’ என்று அடித்தபோது கோப்புக்குள் பதிந்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி உள்ள மெஷினில் அவை தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோட் அப்படியல்ல. அதில் ‘த’ என்ற எழுத்துக்கே தனி எண் உண்டு, 1991-இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. வட்ஸ்அப்பில் எழுதும் தமிழ் உலகத்தில் எந்தப் போனிலும் தெரிவது அதனால்தான்.

வாசிக்க மட்டும் என்றால் பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால் போதும், வினாத்தாள் பழையபடி தெரியும். மகனுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அனுப்புவதானால் வேர்டில் திறந்து ‘சேவ் அஸ்’ கொடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து போகும். திருத்தி எழுத வேண்டுமென்றால்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியிலிருந்து மாற்றித் தரும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் முழுத்தாளையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது வேஷம் போட்ட ஆங்கிலம் என்று தெரியாது. வினாவுக்குள் இருந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிக் குதறிவிடும், ஆங்கிலக் காற்புள்ளி ‘இ’ ஆகிவிடும். சூத்திரம், ஆங்கிலம் உள்ள வரிகளை ஒதுக்கி வைத்து, தமிழ்ப் பந்திகளை மட்டும் கொப்பி பண்ணி மாற்றி, புதுக் கோப்பில் ஒட்டுங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளை ஒருதரம் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், இடம் மாறுவது பெரும்பாலும் அந்தக் கொம்புகள்தான். அசல் கோப்பு பென்டிரைவிலேயே கிடக்கட்டும்.