ரப்பர் பொம்மைக்குள் பீனட் பட்டர்: நாய் வளர்ப்போர் கேள்விகள்

கே: கடையில் கிடைக்கும் எந்த பீனட் பட்டரையும் உள்ளே குழிவான ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, நாய் நக்கித் தின்னக் கொடுக்கலாமா?

ப: கூடாது. டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஓர் இனிப்பு, சைலிட்டால், பிர்ச் சுகர், ஈ967 என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை வாங்காதீர்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் இன்னும் உஷாராகப் பாருங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத இந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ஆபத்து; அளவு கூடினால் கல்லீரலும் கெடும். சாக்லேட் கலந்ததும் வேண்டாம். வெறும் வேர்க்கடலையை அரைத்தது போதும்.

கே: சைலிட்டால் இருப்பதைப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் விளையாடுகிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

ப: வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் அரை மணி நேரத்திலும் வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் இன்னொரு ஆபத்து.

கே: 10 கிலோ நாய்க்கு எவ்வளவு வைக்கலாம்?

ப: ஒரு டீஸ்பூன். ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 95 கலோரி இருக்கிறது. சாப்பாடு போக, இதுபோன்ற நொறுக்குத்தீனி எல்லாம் சேர்த்தே அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பொம்மை முழுக்க பீனட் பட்டரை அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அன்றைய சாப்பாட்டிலிருந்து ஒரு பங்கு உலர் தீனியை ஊறவைத்துத் தளர்வாகப் போடுங்கள். அப்புறம் பொம்மையின் வாயோரம் மட்டும் விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். வாசனைக்கு அதுவே போதும். கணையத் தொந்தரவு வந்த நாய்க்கு இந்தத் துளியும் கூடாது, கொழுப்பு அதிகம்.

கே: அடைத்த பொம்மையை ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் குரைத்துவிட்டுப் போய்விடுகிறதே?

ப: பழகாத நாய்க்கு அது ரொம்பக் கஷ்டம். சாய்த்தாலே கொட்டுகிற மாதிரி தொடங்குங்கள். அது சுலபமாகக் காலி செய்யப் பழகிய பிறகு உறையவைக்கலாம்.

கே: பொம்மை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ப: கடைவாய்க்குள் முழுதாகப் போகாத அளவு. இரண்டு பக்கமும் ஓட்டை இருக்க வேண்டும். ஒரே ஓட்டை என்றால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும். கடித்துத் துண்டு பெயர்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டில் பிரஷால் உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும்.