சீகோ 5-க்கு ரோலெக்ஸ் டயல் வேண்டாம், வாரை மாற்றுங்கள்

கேள்வி: அப்பா தந்த சீகோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் வைத்திருக்கிறேன். 37 மி.மீ. அளவு, கருப்பு டயல், ஸ்டீல் செயின். சாவி 4 மணிப் பக்கம் இருக்கிறது. வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் இதை லட்ச ரூபாய் வாட்ச் மாதிரி ஆக்கிவிட ஆசை. ரோலெக்ஸ் என்று அச்சடித்த டயலே ஆன்லைனில் கிடைக்கிறது. 4 ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். எதிலிருந்து ஆரம்பிப்பது? — குடியாத்தம் வாசகர்

பதில்: முதலில் அந்த டயலை மறந்துவிடுங்கள். போலிப் பெயர் போட்ட சரக்கை விற்பவருக்கு, 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அது விற்பவர் பாடு என்று விட்டாலும், வாட்ச் தெரிந்தவர் ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். கிழமையும் தேதியும் காட்டும் ரோலெக்ஸின் டே-டேட் மாடலில் கிழமை 12 மணிக்குக் கீழே முழுப் பெயராக வரும். தேதி மட்டும்தான் 3 மணிப் பக்கம். உங்களுடையதில் இரண்டும் ஒரே ஜன்னலில் நிற்கின்றன. சாவியும் 4 மணிக்கு இறங்கியிருக்கிறது. நல்ல சீகோ ஒன்று மட்டமான டூப்ளிகேட் ஆகிவிடும், அவ்வளவுதான்.

பணத்தில் பாதியை வாருக்கு ஒதுக்குங்கள். அந்தக் காலத்து சீகோ 5 செயின்கள் பெரும்பாலும் தகட்டை மடித்துச் செய்தவை. கையை ஆட்டினால் சலசலக்கும். வாட்ச்சை மலிவாகக் காட்டுவது அந்தச் சத்தம்தான். நீங்கள் இருப்பதோ தோல் ஊர்களுக்கு நடுவில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, அளவு கொடுத்துத் தைத்து வாங்குங்கள். வார் மாட்டும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 18 மி.மீ. இருக்கும். பக்கிள் பக்கம் 16-ஆகக் குறுகட்டும். கனமும் அப்படித்தான்: கேஸ் (வாட்ச்சின் உடல்) அருகே மூன்றரை மி.மீ., நுனியில் இரண்டு. தையல் நூல் தோலின் நிறத்திலேயே இருக்கட்டும். வெள்ளை நூல் வேண்டாம்.

வாங்கும்போது வாரின் ஓரத்தைப் பாருங்கள், மேல்பக்கத்தை அல்ல. மட்டமான வாரில் மேல்தோல், நடுவில் அட்டை, அடித்துணி என்று அடுக்கு அடுக்காகப் பிரிந்து தெரியும். நல்ல வாரில் ஓரத்தைத் தேய்த்து, உருட்டி, சாயம் ஏற்றியிருப்பார்கள். விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் நாளாக ஆக அழகாகக் கறுக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கறை விழும். குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது, ஈரத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். வைகாசி வெயிலில் வேலூர்ப் பக்கம் கை எப்படி வியர்க்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் குரோம் தோலையே எடுங்கள். கருவி இல்லாமல் கழற்றும் பின் வைத்துத் தைக்கச் சொன்னால், காலை முகூர்த்தத்தில் ஓடியாட பழைய செயின், மாலை வரவேற்புக்குத் தோல் வார் என்று நீங்களே மாற்றிக்கொள்ளலாம்; செயினைக் கழற்ற மட்டும் சிறு கருவி வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. சீகோவின் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடியில் இத்தனை வருஷத்துக் கீறல் இருக்கும். அதை எடுத்துவிட்டு சஃபையர் கண்ணாடி போடுங்கள். அதன் கடினம், எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவில் 9; வைரம் 10. சாதாரணமாகக் கீறாது, ஆனால் ஓங்கி இடித்தால் உடையும். உட்பக்கம் பிரதிபலிப்பு குறைக்கும் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். ஃபோட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கும்போது டயல் வெள்ளைத் திட்டாக மறையாது. பழைய கண்ணாடியின் விட்டத்தையும் கனத்தையும் ரிப்பேர்காரர் வெர்னியரில் அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், தண்ணீர் புகாதா என்று சோதிக்கும் வரை தொட்டித் தண்ணீரில் கையை விடாதீர்கள்.

கண்ணாடி மாற்றும் கையோடு "கேஸையும் பாலிஷ் போட்டுத் தரேன்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் கேஸில் கோடு இழுத்த பகுதியும் பளபளப்பான பகுதியும் ஒரு கூரான விளிம்பில் சந்திக்கும். வெளிச்சம் அங்கேதான் வெட்டிக்கொண்டு போகும். விலை உயர்ந்த வாட்ச்சில் நீங்கள் பணம் கொடுப்பதில் ஒரு பங்கு அந்த விளிம்புக்கும்தான். சக்கரத்தில் வைத்து மொத்தமாகத் தேய்த்தால் அது மழுங்கிவிடும், திரும்ப வராது. பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துச் செயினை மட்டும் தனியே கழற்றித் தேயுங்கள். பாதிப் பளபளப்பு அதிலேயே வந்துவிடும்.

டயல், முள் மாற்றுவது கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் பெயரில்லாத டயலாக, 4 மணிச் சாவிக்குப் பொருந்தும் கால்கள் (டயலைப் பிடித்து நிறுத்தும் பின்பக்கக் குச்சிகள்) உள்ளதாகத் தேடுங்கள். எனக்குக் கேட்டால் அப்பா பார்த்த டயலே இருக்கட்டும் என்பேன்.

பின்மூடியில் உள்ள எண் 7எஸ்26 என்று தொடங்கினால், சாவியைத் திருகி வாட்ச்சுக்கு முறுக்கு ஏற்ற முடியாது. கல்யாணத்தன்று காலையில் பக்கவாட்டில் அரை நிமிடம் மெதுவாக ஆட்டிவிட்டு நேரம் வையுங்கள். தேதியை மட்டும் இரவு 9 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள். பல் சக்கரம் கெட்டுப்போகும்.