சிக்கிமில் யாரிடம் மனு கொடுப்பது?

காங்டாக்கில் குடியேறி வாக்காளராகப் பதிந்துவிட்டீர்கள். தெருச் சாலை சீர்கெட்டது பற்றி மக்களவை உறுப்பினருக்கு எழுதியும் பதில் இல்லை என்கிறீர்கள். வியப்பில்லை. மாநிலம் முழுமைக்கும் மக்களவையில் ஒரே உறுப்பினர்தான். மாநிலங்களவையிலும் ஒருவரே, அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள்.

உங்கள் சாலைக்குச் சரியான ஆள் சட்டமன்ற உறுப்பினர். ஆறு லட்சத்துச் சொச்சம் மக்களுக்கு (2011 கணக்கு) 32 இடங்கள். அதனால் அவரை நேரில் பார்ப்பது பெரிய மாநிலங்களைவிட எளிது. உங்கள் தொகுதி பூட்டியா–லெப்சா பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்றால் தயங்க வேண்டாம். அந்த ஒதுக்கீடு வேட்பாளருக்குத்தான், வாக்காளருக்கு அல்ல. அவர் உங்களுக்கும் உறுப்பினர்தான். விதிவிலக்கு சங்கத் தொகுதி மட்டும். அதற்கு நிலப்பரப்பே கிடையாது. பௌத்த மடாலயங்களின் துறவியர் மட்டும் வாக்களிக்கிறார்கள். இந்தியாவில் இப்படி வேறொன்று இல்லை.

அங்கும் நிதி இல்லை என்று கைவிரித்தால், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேளுங்கள். மாநிலங்களவை உறுப்பினரையும் விடாதீர்கள், பலர் அவரை மறந்தேவிடுகிறார்கள். இருவருக்குமே முழு மாநிலமும் எல்லை என்பதால் ‘என் பகுதி இல்லை’ என்று தட்டிக்கழிக்க முடியாது.